எல்லா மீனுக்கும் ஒரே பிறந்தநாள்

பத்தொன்பது வருடங்களாகத் துறைமுகத்தில் அவருக்கு ஒரே பெயர்தான்: கொறைங்க சார். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, அடுத்த வருடம் அதில் எவ்வளவு பிடித்தால் இனம் தழைக்கும் என்று கணித்து அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்வது அவருடைய வேலை. அவர் ஆலோசனை சொல்வார், அரசாங்கம் அதை உத்தரவாகப் போடும், படகுக்காரர்கள் அரசாங்கத்தை விட்டுவிட்டு அவரைத் திட்டுவார்கள். பத்தொன்பது வருட அறிக்கைகளையும் பிழிந்து பார்த்தால் 'குறையுங்கள்' என்ற ஒரு சொல்தான் சொட்டும். அதையே அவருக்குச் சூட்டிவிட்டார்கள்.

அதில் தனக்கு வருத்தமே இல்லை என்று அவர் சொல்லிக்கொள்வார். பொய். டீக்கடையில் அவர் போய் நின்றால் பெஞ்சில் பேச்சு நின்றுவிடும். ஒருமுறை ஒருவர் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டி, "இதையும் பாதியா கொறைச்சுடுவீங்களா சார்?" என்று கேட்டார். நம்மவர் சிரித்து வைத்தார். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று வீட்டில் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அருமையான பதில் கிடைத்தது. கேட்ட ஆள்தான் கிடைக்கவில்லை.

இருபதாவது வருடம் எல்லாம் தலைகீழானது. ஆராய்ச்சிக் கப்பல் பிடித்து வந்த கானாங்கெளுத்தி மீன்களை ஆராய்ந்து பார்த்தால், ஒரு வயதுக் குட்டிகள் மந்தை மந்தையாக இருந்தன. அதற்கு முந்திய ஆய்விலும் அப்படித்தான். அடுத்தடுத்து இரண்டு தலைமுறை இப்படிப் பெருகி யாரும் பார்த்ததில்லை. அந்த வருட ஆலோசனைக் கூட்டத்தில் நம்மவர் எழுந்து, தொண்டையைச் செருமி, "முப்பது சதவீதம் கூட்டிப் பிடிக்கலாம்" என்றார். மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. ஒருவர் எழுந்து, "கொறைக்கணும்னுதானே சொல்றீங்க?" என்று உறுதி செய்துகொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் பெயர் வள்ளல். ஏதோ தன் வீட்டுத் தொட்டியிலிருந்து அள்ளிக் கொடுத்ததைப் போல அவரும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார். டீக்கடைக்காரர் சொல்லாமலே சர்க்கரையைக் கூடப் போட்டார். நம்மவருக்குச் சர்க்கரை வியாதி; இருந்தாலும் குடித்தார். பாராட்டுக்கு ஏங்கிக் கிடந்த மனிதன் டம்ளரையா அளந்து பார்ப்பான்?

எல்லாரையும்விட மாறிப்போனவர் மச்சான்தான். மனைவியின் அண்ணன், சொந்தப் படகு வைத்திருப்பவர். பத்தொன்பது வருடமும் கல்யாணம் காட்சிகளில் நம்மவரை அறிமுகப்படுத்தும்போது, "தங்கச்சி வீட்டுக்காரர். ஆபீஸ்ல இருக்கார்" என்று முடித்துக்கொள்வார். எந்த ஆபீஸ் என்று யாராவது கேட்டால் பந்தியைப் பார்க்கப் போய்விடுவார். இப்போதோ தோளில் கை போட்டு, "எங்க மாப்ளே கடலையே எண்ணுறவர்!" என்றார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஈரப் பையில் மீனோடு வீட்டுக்கு வரத் தொடங்கினார். அண்ணனும் கணவனும் ஒரே மேஜையில் சிரித்துப் பேசிச் சாப்பிடுவதைப் பார்த்து மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில், மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். ஆபீஸ் பேச்சா வேண்டாம், வீட்டுப் பேச்சா சொல்லுங்க. துறைமுகத்துல கிரேன் ஓட்ட ஆள் கேக்கறாங்க. நிரந்தர வேலை. எனக்குத் தரேங்கறாங்க. முழங்கால் முன்ன மாதிரி இல்ல. படகைக் கொடுத்துட்டு அதுல போயிடட்டுமா, இல்ல இன்னும் கொஞ்ச வருஷம் கடலுக்கே போகட்டுமா? நீங்க சொல்றதுதான்."

நீங்க சொல்றதுதான். இருபது வருடத்தில் எந்த அமைச்சரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. நம்மவருக்குத் தலை கால் புரியவில்லை. அலுவலக அறிக்கை என்றால் 'சாத்தியக்கூறு', 'இருக்கலாம்', 'மேலும் ஆய்வு தேவை' என்று வரிக்கு வரி மூன்று வேலி போட்டுத்தான் எழுதுவார். வீட்டுப் பேச்சில் வேலி எதற்கு? சுவரில் தொங்கிய காலண்டரில் முடிந்துபோன மாதத்தைக் கிழித்தார். அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். கோடு இடமிருந்து வலமாக ஜம்மென்று ஏறியது.

"விடாதீங்க மச்சான். மீன் வருது" என்றார்.

மச்சான் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் கிரேன் வேலைக்கு வேறொருவர் சேர்ந்துவிட்டார்.

இங்கே நம்மவர் மீன்களை எப்படி எண்ணுகிறார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மீனின் தலைக்குள், காதுப் பக்கமாக, அரிசியைவிடச் சின்னதாக ஒரு கல் இருக்கும். காதுக்கல் என்பார்கள். அதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். குளிர்காலத்துக்கு ஒரு வளையம். வளையத்தை எண்ணினால் மீனின் வயது. எந்த வயதில் எத்தனை மீன் என்று தெரிந்தால்தான் கடலில் பின்னால் வருகிற தலைமுறை உண்டா இல்லையா என்று சொல்ல முடியும். ஒவ்வொரு மீனும் எந்தத் தேதியில் பொரிந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால் இந்தத் தொழிலில் ஒரு ஏற்பாடு உண்டு: எல்லா மீனுக்கும் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். அன்றைக்குக் கடலில் இருக்கிற அத்தனை மீனுக்கும் ஒரு வயது ஏறும். தன் மனைவியின் பிறந்தநாளை ஒரு வருடம்கூட ஞாபகம் வைத்திராத நம்மவர், கோடிக்கணக்கான மீன்களின் பிறந்தநாளை மட்டும் மறந்ததே இல்லை என்று கூட்டங்களில் பெருமையடித்துக்கொள்வார்.

காதுக்கல் வாசிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இதைச் சொன்னவர் பெரும்பாலும் அவரே. புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு கையேடு எழுதியிருந்தார். பின் அட்டையில் அவர் படம், முழு முடியோடு.

அந்த வருடம் ஆய்வகத்துக்கு ஒரு பெண் மாற்றலாகி வந்தார். மண் பரிசோதனை ஆய்வகத்தில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். அதனால் மண் மேடம். மீனை மீன்காரியிடம் வாங்கியதோடு சரி, கல்லைக் கண்டதில்லை. நம்மவர் கையேட்டைக் கொடுத்து, "அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் படிங்க" என்றார். பயிற்சிக்காகத் தான் ஏற்கெனவே வாசித்து முடித்த அறுநூற்றுப் பன்னிரண்டு கற்களைத் தூக்கிக் கொடுத்தார். நம்மவரை வள்ளலாக்கிய அதே கற்கள். அவர் போட்ட வயதைக் காட்டாமல் மேடமும் தனியாக வாசிக்க வேண்டும், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து மேடம் பட்டியலைக் கொண்டுவந்தார். நம்மவர் ஒன்று என்ற இடத்தில் மேடம் இரண்டு. அவர் இரண்டு என்ற இடத்தில் மூன்று. அறுநூற்றுப் பன்னிரண்டு கல்லிலும், ஒன்றுகூடத் தப்பாமல், சரியாக ஒன்று அதிகம்.

"பரவாயில்ல மேடம்" என்றார் நம்மவர், பெருந்தன்மையாக. "ஆரம்பத்துல எல்லாருக்கும் கண்ணு கொஞ்சம் அலைபாயும்."

"அலைபாஞ்சா அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தானே சார் தப்பணும்? இது எல்லாத்துலயும் ஒண்ணு வருது. புஸ்தகத்துல போட்டிருக்கறபடிதான் பண்ணினேன்."

"எந்த புஸ்தகம்?"

"நீங்க எழுதினதுதான்."

புத்தகத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததோடு விட்டிருக்கலாம். விட்டாரா? 'புதிய வாசிப்பாளர்கள் செய்யும் மிகையெண்ணல் பிழை' என்று தலைப்புப் போட்டு இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதில் 'அனுபவமே ஆசான்' என்று ஒரு வரி. அந்த வரி அவருக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாள் காலை டீ குடிக்கும்போது மனைவிக்கு அதை வாசித்துக் காட்டினார்.

மனைவிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பிள்ளைகளைச் சேர்க்கும்போது வயது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. இரண்டு நாள் வித்தியாசத்துக்காகப் பெற்றோர் அழுது புரளுவதையெல்லாம் பார்த்துப் பார்த்து, வயது என்று யார் பேசினாலும் அவள் காது தானாக நிமிர்ந்துவிடும்.

"ஒண்ணொண்ணா கூடுதுன்னா, எந்தத் தேதிய வச்சு அந்த அம்மா வயசு பாக்கறாங்க?" என்று கேட்டாள்.

"தேதியெல்லாம் குழப்பமே இல்ல. எல்லா மீனுக்கும் ஜனவரி ஒண்ணுதான் பொறந்தநாள்."

"சரி, இதெல்லாம் எப்ப புடிச்ச மீன்?"

"வழக்கமா நவம்பர்லதான் கப்பல் போகும். அந்த வருஷத்துலேர்ந்து நவம்பர்ல கப்பலை ரிப்பேருக்கு விடறதுன்னு ஆயிடுச்சு. அதனால ஒன்பது மாசம் முன்னாடியே, பிப்ரவரில போச்சு."

மனைவி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "அப்ப இதுங்களுக்குப் பொறந்தநாள் தாண்டிடுச்சே."

நம்மவர் டீயை விழுங்கவில்லை. கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்துக்குப் போனதும் தன் மேஜைக்குக்கூடப் போகாமல் மண் மேடத்திடம் போய்க் கையேட்டைக் கேட்டார். மேடம் ஏழாம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். வருடத்தின் முதல் மாதங்களில் பிடித்த மீனுக்கு அந்தக் குளிர்காலத்து வளையம் கல்லின் ஓரத்தோடு ஓரமாக ஒட்டியிருக்கும், தனியாகத் தெரியாது; ஆகவே ஓரத்தையும் ஒரு வளையமாகச் சேர்த்து எண்ணவும். எண்ணத் தவறினால் மீனுக்கு ஒரு வயது குறைந்துவிடும். அதற்குக் கீழே, 'இது அனுபவமில்லாதவர்கள் செய்யும் தவறு' என்று இருந்தது. எழுதியவர் யார் என்று பார்க்க அவர் பின் அட்டையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.

பத்தொன்பது நவம்பர் எண்ணிப் பழகிய கண், பிப்ரவரியிலும் நவம்பராகவே எண்ணிவிட்டது. மந்தை மந்தையாகத் தெரிந்தவை ஒரு வயதுக் குட்டிகள் அல்ல. முந்திய ஆய்வில் ஒரு வயதாக எண்ணிய அதே மீன்கள்தான், இப்போது இரண்டு வயதாகி வந்திருக்கின்றன. அவற்றையே தம்பி தங்கைகள் என்று மறுபடியும் எண்ணி, ஒரு தலைமுறையை இரண்டாக்கிவிட்டார். உண்மையில் அவற்றுக்குப் பின்னால் யாரும் வரவில்லை.

இதைவிட ஒரு கேவலம் இருந்தது. அந்த வயதுகளைப் பதிந்த அன்றைக்கே கணினி அவரிடம் சிவப்புக் குறி போட்டுக் கேட்டிருந்தது: போன தடவை பார்த்த அந்தப் பெருங்கூட்டம் இப்போது இரண்டு வயதாக இருக்க வேண்டுமே, எங்கே? நம்மவர் அரைப் பக்கம் பதில் எழுதினார், அவை ஆழ்கடலுக்கு இடம்பெயர்ந்திருக்கக் கூடும் என்று. தன் மூக்குக்குக் கீழே தட்டில் கிடந்த மீன்களை இவரே கற்பனையில் மூட்டை கட்டிச் சுற்றுலா அனுப்பிவைத்திருக்கிறார்! அந்த அரைப் பக்கத்தை இப்போது எடுத்துப் படித்தவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நடை நன்றாகத்தான் இருந்தது.

"நான் வேணா மறுபடியும் ஒரு தடவை பாக்கட்டுமா சார்?" என்றார் மேடம், இரக்கத்தோடு.

"வேண்டாம் மேடம். உங்களுக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதைக் கிழிச்சுட்டு வரேன்."

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப அண்ணன்?"

மச்சான் ஞாபகம் வந்ததும் இன்னொன்றும் வந்தது. நாலைந்து மாதத்துக்கு முன், இதே சமையலறையில், மீன் பையை வைத்துவிட்டு மச்சான் சொன்னார்: "மாப்ளே, வலையில பொடிசே விழல. எல்லாம் பெருசு பெருசா வருது. எனக்கென்னமோ சரியாப் படல." அதற்கு நம்மவர், "கண்ணி பெருசு மச்சான், பொடிசெல்லாம் நழுவிப் போயிடும்" என்றார். "முப்பது வருஷமா அதே கண்ணிதானே?" என்றார் மச்சான். நம்மவர் சிரித்து, "உங்க கண்ணு பாக்கறது ஒரு வலை. நான் பாக்கறது மொத்தக் கடல்" என்றார். சொல்லிவிட்டு இரண்டாம் தடவை மீன் போட்டுக்கொண்டார். நினைக்க நினைக்க அவருக்குத் தன் தலையில் தானே நறுக்கென்று குட்டிக்கொள்ளத் தோன்றியது, குட்டியும் கொண்டார்.

அவரும் மேடமும் இந்த வருடத்துக் கற்களை உட்கார்ந்து சேர்ந்தே வாசித்தார்கள். பழைய கூட்டத்துக்கு இப்போது மூன்று வயது. அதற்குக் கீழே ஏறக்குறைய காலி. போதாக்குறைக்கு, இவர் புண்ணியத்தில் முப்பது சதவீதம் கூடுதலாகப் பிடித்தாகிவிட்டது. மிச்சமிருப்பவை முட்டையிட வேண்டுமானால் பிடிப்பதைப் பாதிக்கும் கீழே இறக்க வேண்டும்.

இயக்குநர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். நல்ல மனிதர்தான்; ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

"குறைக்கணும்னா குறைக்கலாம், அதுல ஒண்ணுமில்ல. ஆனா ஓரத்தை எண்ண மறந்துட்டோம்னு அங்க போய்ச் சொல்லணுமா? இனிமே நம்ம பேச்சை எவன் கேப்பான்? கடல் சூழல் மாறிடுச்சு, புதுத் தகவல் வந்திருக்குன்னு சொல்லுங்க. கடல் எதிர்த்துப் பேசாது."

நம்மவர் மறுத்தார் என்று எழுதத்தான் ஆசை. மறுக்கவில்லை. நிம்மதியாகத் தலையாட்டினார். 'மாறிவரும் கடல் சூழலின் காரணமாக' என்று ஒரு ஸ்லைடு செய்து, அதன் மூலையில் நீல நிறத்தில் ஒரு அலைப் படமும் வைத்தார். கற்கள் பற்றி வீட்டில் மனைவி, ஆபீஸில் மேடம், இயக்குநர் ஆக மூன்று பேருக்குத்தான் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மச்சானிடம் பிறகு எப்போதாவது, நல்ல நேரம் பார்த்து, பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த நல்ல நேரம் எந்த வருடத்தில் வரும் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஆலோசனைக் கூட்டம் படகு உரிமையாளர் சங்கக் கட்டடத்தில் நடந்தது. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரக்கும் மைக். நம்மவர் உள்ளே நுழைந்ததும், "வள்ளல் வந்தாச்சு!" என்று ஒருவர் கத்தினார், நாலு பேர் கை தட்டினார்கள். முன் வரிசையில் மச்சான் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஏதோ சொல்லிப் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார்.

அலைப் படம் திரையில் விழுந்தது. பாதிக்கும் கீழே என்று நம்மவர் சொன்னதுதான் தாமதம், கூரை பறக்காத குறை.

"போன வருஷம் கூட்டுன்னே, இந்த வருஷம் கொறைன்னா என்னய்யா அர்த்தம்?"

"மீன் என்ன உன் வீட்டு லைட்டா, போட்டு அணைக்கறதுக்கு?"

"இவனுங்களுக்கு ஒரு எழவும் தெரியல. ஏசி ரூம்ல உக்காந்து வாய்க்கு வந்ததை எழுதறானுங்க!"

அப்போது மச்சான் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. கையை உயர்த்தினார், அவருக்குத் துறைமுகத்தில் மரியாதை உண்டு, சத்தம் அடங்கியது.

"எல்லாரும் வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. கடல் மாறினா அவர் என்ன பண்ணுவார்? எங்க மாப்ளே இருபது வருஷமா இதே வேலையா இருக்கார். எத்தனை தடவை நாம திட்டியிருக்கோம், ஒரு தடவையாவது பொய் சொல்லியிருக்காரா? எனக்குத் தெரியாதா அவரை? சொன்னா சொன்னபடி இருக்கறவர். என்னையே எடுத்துக்கங்க. இவர் ஒரு வார்த்தை சொன்னாருன்னுதான் கிரேன் வேலைய வேண்டாம்னேன். எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல."

நம்மவர் மைக்கைப் பிடித்திருந்தார். பக்கத்தில் இயக்குநர் பேனாவால் மேஜையைத் தட்டி, அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்லி ஜாடை காட்டினார். மச்சான் இன்னும் உட்காரவில்லை. மற்றவர்கள் அடங்கிவிட்டார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியவர்களையெல்லாம் தாங்கிக்கொண்ட நம்மவருக்கு, அந்த ஒரு மனிதர் தனக்காக நிற்பதைத் தாங்க முடியவில்லை.

"கடல் மாறல" என்றார்.

மைக் கரகரத்தது. மறுபடியும் சொன்னார்.

"கடல் மாறல. நான்தான் தப்பா எண்ணிட்டேன். எல்லா மீனுக்கும் ஒரு வயசு கொறைச்சுப் போட்டுட்டேன். நான் ஏற்கெனவே எண்ணின மீனையே புதுசுன்னு நெனச்சு உங்களைக் கூட்டிப் புடிக்கச் சொன்னேன். பின்னாடி வர்றதுக்குக் குட்டி இல்ல. கண்டுபுடிச்சது நான்கூட இல்ல. வேலைக்குச் சேந்து மூணு வாரம் ஆன மேடம் ஒருத்தங்களும், என் வீட்டுக்காரியும்."

கத்தப் போகிறார்கள் என்று காத்திருந்தார். யாரும் கத்தவில்லை. பின்னால் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார், அவ்வளவுதான். நடு வரிசையிலிருந்து ஒரு வயதானவர், "என் வலையிலயும் பொடிசு இல்லதான்" என்றார். "எனக்கும் இல்ல" என்றார் இன்னொருவர். "நானும் யார்கிட்டயும் சொல்லல." ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். ஒரு வருடமாக அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கடலை எண்ணுகிறவரே நிறைய இருக்கிறது என்னும்போது நமக்குத்தான் அதிர்ஷ்டம் இல்லை போலும் என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மச்சான் மட்டும் நின்றபடியே இருந்தார்.

"சமையல்கட்டுல வச்சு சொன்னேனே மாப்ளே" என்றார். திட்டுகிற குரல் இல்லை. "பொடிசே இல்லன்னு சொன்னேனே. என் கண்ணால பாத்ததை விட்டுட்டு நான் உங்களை நம்பினேன்."

சட்டைப் பைக்குள் கையை விட்டார். நான்காக மடித்த காலண்டர் தாள், வியர்வையில் ஓரமெல்லாம் நைந்திருந்தது. மேடைக்கு நடந்து வந்து அதை மேஜையில், மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பாதிக்கும் கீழே என்ற ஆலோசனை அன்றைக்கு மறுப்பில்லாமல் நிறைவேறியது. இருபது வருடத்தில் முதல்முறை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் படகு போகும் என்று சங்கமே முடிவெடுத்தது. இயக்குநருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்றார். நம்மவருக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கு ஒரே வரியில் பதில் எழுதினார்: ஓரத்தை எண்ண மறந்துவிட்டேன். அவர் வாழ்க்கையிலேயே வேலி போடாமல் எழுதிய முதல் அலுவலக வாக்கியம் அதுதான்.

டீக்கடையில் புதுப் பெயர் காத்திருந்தது: பொறந்தநாள் சார். டீயில் சர்க்கரை பழைய அளவுக்கு வந்துவிட்டது, உடம்புக்கு நல்லது. இதையெல்லாம் அவரால் சிரித்துத் தள்ள முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் முடியவில்லை. மச்சான் வருவதில்லை. படகு நிற்கிற நாட்களில் அவர் துறைமுகத்தில் அடுத்தவர் வலைகளைப் பிரித்துக் கட்டிக்கொடுக்கிற வேலைக்குப் போகிறார் என்று மனைவி சொன்னாள். தரையில் கால் மடக்கி உட்கார்ந்து செய்கிற வேலை. தலைக்கு மேலே கிரேன் போய் வந்துகொண்டிருக்குமாம். மனைவி இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, ஆனால் குத்தியது. அவர் இரண்டு தடவை மச்சான் வீட்டுக்குப் போனார். இரண்டு தடவையும் மச்சானின் மனைவி டீ கொடுத்தார், மச்சான் குளித்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் அவ்வளவு நேரம் குளிக்க முடியாது என்பதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை.

காலண்டர் தாளை அவர் தூக்கிப் போடவில்லை. மைக்ரோஸ்கோப்புக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்தார். ஜம்மென்று ஏறுகிற அந்தக் கோட்டைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் முதல் கல்லை எடுப்பார். மண் மேடம் அதைப் பார்த்து, "ஓவியமா சார்?" என்று கேட்டார். "கற்பனைச் சித்திரம்" என்றார் நம்மவர்.

புது வருடம் பிறந்தது. காலை ஏழு மணிக்கு நம்மவர் கண்ணாடி முன்னால் முகத்தில் பாதி நுரையோடு நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள். மச்சான்.

வாழ்த்துச் சொல்லவில்லை. நலம் கேட்கவில்லை.

"மாப்ளே, அடுத்த மாசம் உங்க கப்பல் போகுதாமே. ஆள் எடுக்கறாங்களா?"

"எடுக்கறாங்க மச்சான். வலை போட ரெண்டு பேர் வேணும்."

"நான் வரேன். உங்களுக்காக ஒண்ணும் இல்ல. நீங்க எண்ணும்போது பக்கத்துலயே நின்னு பாக்கணும்."

"வாங்க மச்சான்" என்றார் நம்மவர். நுரை போனில் அப்பிக்கொண்டது.

மச்சான் போனை வைக்கவில்லை. துறைமுகத்தில் ஏதோ ஒரு படகு இன்ஜின் மட்டும் கேட்டது.

"இன்னைக்குத்தானே எல்லா மீனுக்கும் பொறந்தநாள்?"

"ஆமா மச்சான்."

"கூட்டிட்டீங்களா?"

நம்மவர் போனைப் பிடித்தபடியே வேகமாகத் தலையாட்டினார். கண்ணாடியில் பாதி நுரையும் பாதிக் கண்ணீருமாக ஒரு விஞ்ஞானி நின்றுகொண்டிருந்தார். மனைவி அவர் கையிலிருந்து போனை வாங்கிப் புடவைத் தலைப்பில் துடைத்துக் காதில் வைத்தாள்.

"கூட்டிட்டாராம்ண்ணா" என்றாள்.